ஒலுவர் வீட்டு மரியாதை

என் அண்ணனைத் திட்டினால் அவருக்குச் சந்தோஷம் வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் கம்பெனியையும் கரண்ட்டையும் விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே முதலில் குரல் கொடுக்கும் மனிதரைத்தான் திட்டித் தீர்ப்பார்கள். அண்ணன் அதைக் காது குளிரக் கேட்பார். "திட்டுறாங்கன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். மூச்சு இருக்கு, கோவம் இருக்கு, வேற என்ன வேணும்? உள்ள இருந்து 'பரவாயில்லைங்க, மெதுவா பண்ணுங்க'ன்னு ஒருத்தர் சொல்வார் பாரு, அப்பதான் எனக்குப் பயமே வரும். மயங்கி விழறது அந்த ஆளுதான்" என்பார்.

இந்த ஞானத்தில் பாதிதான் லிப்ட்டில் கிடைத்தது. மீதிப் பாதி டிவியில் கிடைத்தது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது 'ஒன்பதாம் துறை' என்று ஒரு தொடர் வந்தது. விண்வெளியின் நடுவில் ஒரு துறைமுகம். பல உலகத்துக் கப்பல்கள் அங்கே வந்து சரக்கு இறக்கும், சண்டை போடும், சமாதானம் ஆகும். மற்ற தொடர்களில் வேற்றுலகத்தார் என்றால் நெற்றியில் ஒரு கொம்பை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. கெத்தாக்கள் என்று ஓர் இனம், மென்று தின்பதை அடுத்தவர் பார்த்தால் மானம் போய்விடும் அவர்களுக்கு. அதனால் விருந்து என்றால் ஆளுக்கொரு துணிக்கூடாரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நிஷிகள் என்று இன்னோர் இனம், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வதை அவமரியாதையாக நினைப்பவர்கள். அவர்களிடம் ஒரு மூட்டை உப்பு விலை பேசி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

அண்ணனுக்குப் பிடித்தவர்கள் ஒலுவர்கள். நூறு பேர் ஒரே கூடத்தில் வாழும் கப்பல்கள் அவர்களுடையவை. அந்தக் கப்பல்களில் அறை கிடையாது, சுவர் கிடையாது, திரை கூடக் கிடையாது. சுவர் இல்லாதவர்களுக்கு மரியாதைதான் சுவர். அந்நியரிடம் அப்படி ஒரு பணிவாகப் பேசுவார்கள். புதிதாக ஒருவர் குடும்பத்துக்குள் வந்தால் அவருக்கும் அதே பணிவுதான், மாதக்கணக்கில். பிறகு ஒருநாள் அந்த வீட்டின் கடைக்குட்டி அவரை வாய் நிறையத் திட்டும். அன்றுதான் அவர் வீட்டு ஆள். திட்டு வாங்கும்வரை அவர் விருந்தாளிதான், எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

இந்தத் தொடரை அண்ணன் எத்தனை முறை பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசிப் பகுதி முடிந்ததும் முதல் பகுதியைப் போடுவார். வேலையில் சலிப்பு வந்தால் பார்ப்பார், சம்பளம் ஏறினால் பார்ப்பார், காய்ச்சல் வந்தால் படுத்துக்கொண்டே பார்ப்பார். "அதான் தெரிஞ்ச கதையாச்சே, அதுல என்ன இருக்கு?" என்று நான் கேட்டதற்கு, "உனக்கு உன் வீடு தெரியாதா? தினமும் போகலையா?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஏனென்றால் பதில் சரியாக இருந்தது.

நாற்பது தாண்டியும் அவர் தனியாகவே இருந்தார். பெண் பார்க்கலாமா என்று யார் கேட்டாலும் நிஷிகளைப் போலப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். கடைசியில் லிப்ட்டே வழி காட்டியது. ஒரு மருந்துக்கடைக்கார அம்மாள் பெரிய கட்டடம் ஒன்றில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து முடிக்கும்வரை அவரைத் திட்டியிருக்கிறாள். ஒரு வசவைக்கூட இரண்டாம் முறை சொல்லவில்லையாம். மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். இப்போது அவள் எனக்கு அண்ணி.

அண்ணி வாய்க்குப் பஞ்சமில்லாதவள். கல்யாணமான மறுநாளே, "உங்க அண்ணன் ஷூவைக் கழட்டுற இடத்துல ஒரு மனுஷன் நடக்க முடியுமா?" என்று என்னிடம் ஆரம்பித்தாள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

ஆனால் அந்த வீட்டின் கடைக்குட்டி அண்ணி இல்லையே. அண்ணிக்கு ஒரு மகள். பதினொரு வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அவளைப் பெற்றவர் அவள் சின்னவளாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போய்விட்டார். பாப்பா என்னை முதல் நாளே அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள். அண்ணனைக் கூப்பிட மட்டும் அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. "இந்தாங்க", "வந்து...", "சாப்பிட்டீங்களா", "ரொம்ப நன்றிங்க", "மன்னிச்சுக்குங்க, உங்க டம்ளரை நான் எடுத்துட்டேன்." பேங்க் கவுண்ட்டரில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"என்னை அந்தப் பொண்ணு ஒரு தடவை திட்டிட்டா போதும்" என்றார் அண்ணன் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை. "அவ லிப்ட்டுக்குள்ள இருந்து 'பரவாயில்லைங்க'ன்னு சொல்ற மாதிரியே இருக்கு. கதவு எங்க இருக்குன்னுதான் தெரியலை."

சரி, மனிதர் சும்மா இருப்பாரா? திட்டு வாங்குவதற்கென்றே திட்டம் போட்டு அட்டகாசம் செய்ய ஆரம்பித்தார். குளித்துவிட்டு ஈரத் துண்டை அவள் கட்டிலில் போட்டார். அவளுக்கென்று வைத்திருந்த பாலைக் குடித்தார். அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது குளியலறையில் விசில் அடித்தார். அண்ணி திட்டினாள், நான் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் கூடச் சுவரைத் தட்டினார். பாப்பா மட்டும் துண்டை எடுத்து மடித்து, "இது உங்களோடதுன்னு நினைக்கிறேங்க" என்று கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"நேரா சொல்லித் தொலையேன், 'என்னைத் திட்டும்மா'ன்னு" என்றேன்.

"சொல்லி வாங்கினா அது திட்டா? பதினேழாவது பகுதியில ஒருத்தன் அப்படிக் கெஞ்சி வாங்குவான். செல்லாதுன்னுடுவாங்க."

இவரோடு பேசி யார் ஜெயிப்பது? நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வாடிக்கையாளருக்கு எது தெளிவாகத் தெரிகிறது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் ஒரு யோசனை சொன்னேன். "அவளுக்கு அந்தத் தொடரைப் போட்டுக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் வரேன்."

முதல் ஞாயிறு பாப்பா மரியாதைக்காக உட்கார்ந்தாள். சோபாவின் நுனியில், கையை மடியில் வைத்துக்கொண்டு. கெத்தாக்களின் கூடார விருந்து வந்தபோது முதுகு சாய்ந்தது. நாலு கை டாக்டர் வந்தபோது காலைத் தூக்கிச் சம்மணம் போட்டாள். அந்த டாக்டர் இரண்டு கையால் கட்டுப் போட்டுக்கொண்டே மூன்றாவது கையால் டீயைக் கலக்கி நான்காவது கையால் நோயாளியின் தலையைத் தடவுவார். பாப்பாவுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. அடுத்த வாரம் நான் கதவைத் தட்டியபோது, "அத்தை, சீக்கிரம் வாங்க, செருப்பை அப்புறம் கழட்டிக்கலாம்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "என்ன நடக்கப் போகுதுன்னு யாரும் முன்னாடியே சொல்லக் கூடாதுங்க. ப்ளீஸ்ங்க."

அண்ணனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு முன்னால் முணுமுணுக்கிற மனிதர் அவர். அதனால் நான் ஒரு வழி செய்தேன். அவர் மடியில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வேர்க்கடலை. வாயில் கடலை இருக்கும்வரை கதைக்கு ஆபத்தில்லை.

நான் ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் டிவியைப் பார்க்கவே இல்லை. கடலையை மென்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனப்பாடம் செய்து தேய்த்த காட்சியெல்லாம் அவள் முகத்தில் புதிதாக வந்துகொண்டிருந்தது. "நிஷிகாரங்க ஏன் உடனே பதில் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. அவங்க கிரகத்துல எதிரொலி ஜாஸ்தி. எதிரொலி முடிஞ்சாதானே அடுத்தவங்க பேசினது காதுல விழும்?" என்றாள் ஒருநாள். அண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷம் பார்த்தும் அவருக்குத் தோன்றாத விஷயம் அது. அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனார்.

துறைமுகத்தில் ஓர் உளவாளி இருக்கிறான், யார் என்று தெரியவில்லை. கதை அந்த இடத்துக்கு வந்தபோது பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சமையல்காரன்தான் என்றாள், பிறகு சரக்கு எடை போடுகிறவள் என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அண்ணியிடம் அதே பேச்சுதானாம். ஒலுவர்களைப் பற்றிய பகுதி அதற்கு அடுத்தது. அண்ணன் அதற்காகத்தான் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

அந்த ஞாயிறு கிண்ணத்தில் கடலை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பாதியை நான் தின்றுவிட்டேன், அதை இப்போது யாரும் கேட்கவில்லை. திரையில் நாலு கை டாக்டர் ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பாப்பா உருகிப்போய், "எவ்வளவு நல்லவர் இல்ல?" என்றாள்.

"நல்லவர்தான், பாவம். உளவு பார்க்கச் சொல்லி அவரை மிரட்டி வச்சிருக்காங்களே" என்றார் அண்ணன்.

சொன்ன பிறகுதான் தன் வாய் காலியாக இருப்பதை உணர்ந்தார். கிண்ணத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். என்ன பிரயோஜனம்?

பாப்பா மெதுவாகத் திரும்பினாள். காது சிவந்தது, மூக்கு சிவந்தது. பிறகு எழுந்து நின்றாள்.

"உனக்கு அறிவே இல்லையா? எத்தனை தடவை சொன்னேன்! ஒரு நிமிஷம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா? எல்லாத்தையும் கெடுத்துட்டே! லூசு! பெரிய லூசு!"

அண்ணி கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "பாப்பா! என்ன பேச்சு இது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். நல்ல செய்தி கேட்டவர் போல முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். ஏன் சிரிக்கிறார் என்று விளக்கினால் அடுத்த பகுதியின் கதை வெளியே வந்துவிடும். இப்போதுதானே அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறார்! இப்படி ஓர் அவஸ்தையை நான் எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடியில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது. அண்ணன் சட்டென்று எழுந்து கருவிப்பையை எடுத்தார். பாப்பா முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஓடினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வாசலுக்குப் போய் அவருடைய வேலை ஷூ இரண்டையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள்.

"போகாதீங்க. நான் இனிமே கத்த மாட்டேங்க. சத்தியமா கத்த மாட்டேன். அவரும் சண்டை போட்டப்புறம் இப்படித்தான் ஷூவைப் போட்டுக்கிட்டுப் போனாரு."

அவளைப் பெற்றவரைத்தான் சொன்னாள். இத்தனை நாள் அந்தக் குழந்தை பேசிய ஒவ்வொரு 'ங்க'வும் எதற்காக என்று அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் சத்தம் வந்தால் ஒருவர் போய்விடுவார் என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். இவரோ சத்தம் வரட்டும் என்று அவள் கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அண்ணன் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "லிப்ட்ல ஆள் மாட்டியிருக்காங்கம்மா. நான் போயிட்டு வந்துடுவேன். நம்பிக்கை இல்லைன்னா நீயும் வா. ஷூ உன்கிட்டயே இருக்கட்டும்."

குளியலறைச் செருப்போடு ஒரு மெக்கானிக், ஷூவைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண், பின்னால் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு நான். இரண்டு தெருவும் எங்களை வேடிக்கை பார்த்தன.

லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. நாங்கள் படியேறும்போதே ஒரு பெண் குரல் கீழ்வரை கேட்டது. "யாருய்யா அங்க? வாங்கின ஐஸ்கிரீமெல்லாம் உருகி ஓடுது! உங்களையெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டணும்!"

"வந்துட்டேம்மா. உள்ள எத்தனை பேர்?" என்றார் அண்ணன்.

"நானும் என் வீட்டுக்காரரும்! உனக்கெல்லாம் யாருய்யா வேலை குடுத்தது?"

"பரவாயில்லைங்க" என்றது மெல்லிய ஆண் குரல் ஒன்று. "ஒண்ணும் அவசரமில்லைங்க. நீங்க மெதுவாவே பண்ணுங்க."

அண்ணன் பாப்பாவைப் பார்த்தார். "நான் மொட்டை மாடிக்குப் போய் மோட்டாரைக் கையால சுத்தி லிப்ட்டை இறக்கணும். அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லா திட்டுறாங்க. அவர்தான்... அவரை நீ பேச வச்சுக்கிட்டே இரு. முடியுமா? இப்ப அந்த ஷூவைக் குடு, செருப்போட மோட்டார் ரூமுக்குள்ள போகக் கூடாது."

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு ஷூவைக் கொடுத்தாள். அவர் மேலே ஓடினார்.

பாப்பா கதவு இடுக்கில் வாயை வைத்தாள். "அங்கிள், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா. ஒரு கஷ்டமும் இல்லை. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

பாப்பா இடுக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். பிறகு, "பொய் சொல்றீங்க. நானும் அப்படித்தான் சொல்வேன்" என்றாள்.

உள்ளே அந்த அம்மாள் திட்டுவதை நிறுத்தினாள்.

"பயமா இருந்தா திட்டுங்க அங்கிள். ஆன்ட்டி திட்டுற மாதிரி. மேல இருக்கிறவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் இப்பதான் அவரை லூசுன்னு திட்டினேன். போகலை. இங்கதான் இருக்காரு."

உள்ளே தொண்டையைக் கனைக்கும் சத்தம். "யோவ்" என்றது அந்தக் குரல், தயங்கித் தயங்கி. பிறகு அணை உடைந்தது. "யோவ்! மேல என்னய்யா பண்ணிக்கிட்டு இருக்கே, தூங்குறியா? கதவைத் தொறய்யா! மூச்சு முட்டுதுய்யா எனக்கு!"

"அப்படிப் போடுங்க!" என்றாள் மனைவி. மாடிப்படி வழியாக அண்ணனின் குரல் கேட்டது. "ஐயா, இப்பதான் எனக்கு நிம்மதி! இதோ இறக்குறேன்!" பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லிப்ட் மூன்றாம் மாடிக்கு இறங்கியது. கதவு திறந்ததும் வேர்த்து நனைந்த ஒரு மனிதர் வெளியே வந்து பாப்பாவின் தலையில் கை வைத்தார். அந்த அம்மாள் உருகிய ஐஸ்கிரீம் பையை என் கையில் திணித்தாள். வீட்டுக்கு வந்து அதை டம்ளர்களில் ஊற்றி, மில்க்ஷேக் என்று பெயர் வைத்துக் குடித்தோம்.

பிறகு பாப்பாவே ரிமோட்டை எடுத்து அடுத்த பகுதியைப் போட்டாள். அண்ணி கடலைக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி அவர் மடியில் வைத்தாள்.

ஒலுவர்களின் கப்பல். புதிதாக வந்தவனுக்கு எல்லோரும் குனிந்து குனிந்து மரியாதை செய்கிறார்கள். அவன் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். கடைசியில் அந்தக் கூடத்தின் கடைக்குட்டி அவன் மேல் சூப்பைக் கொட்டிவிட்டு, பன்றிக்குப் பிறந்த பாத்திரமே என்று அவனையே திட்டுகிறது. நூறு பேரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஆரவாரம் செய்கிறார்கள். ஒரு கிழவி அவன் பக்கத்தில் வந்து, "இனிமே நீ எங்க ஆளுடா" என்கிறாள்.

பாப்பா படத்தை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அண்ணன் கடலைக் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தானா?" என்றாள் பாப்பா. "இதுக்குத்தான் ஈரத் துண்டை என் கட்டில்ல போட்டியா? மெத்தை எவ்வளவு நாறிப்போச்சு தெரியுமா? என் பாலைக் குடிச்சது? பரீட்சை அன்னிக்கு விசில்? அதுவும் ராகமே இல்லாம! எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நான் எவ்வளவு பயந்தேன், லூசு! எந்த வீட்டுலயாவது ஒரு அப்பா இப்படிப் பண்ணுவாரா?"

அவள் அந்தச் சொல்லைச் சொன்னதைக் கவனிக்கவில்லை. திட்டுகிற வேகத்தில் வந்துவிட்டது. நாங்கள் மூவரும் கவனித்தோம்.

அண்ணன் வாய் நிறையக் கடலையோடு எழுந்தார். அன்றைக்கும் அவள் கட்டிலில்தான் கிடந்தது துண்டு. அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஒரு துண்டைக் காயப்போட எவ்வளவு நேரம் ஆகும்? போனவர் வரவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கூடையில் இருந்த கிளிப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக அந்த ஒரே துண்டில் குத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் என்ன பண்றே அங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சீக்கிரம் வா, படத்தை நிறுத்தி வச்சிருக்கேன்ல!"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "திட்டுறா" என்றார்.